புது டிவியில் பழைய டிவிடி: அப்ஸ்கேலிங் பிளேயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

புது டிவி வந்த சில நாளில் யாராவது ஒருவர் அலமாரியைக் குடைந்து கல்யாண டிவிடியை எடுத்துவிடுவார்கள். பழைய பிளேயரில் போட்டதும் எல்லார் முகமும் வழுவழுவென்று மெழுகு பூசியது மாதிரி இருக்கும். ஜரிகைக் கரை மினுமினுவென்று நடுங்கும். "இவ்வளவு காசு போட்டு வாங்கின டிவி இப்படியா?" என்று கேட்பார்கள். டிவியில் கோளாறு இல்லை.

நம்மூர் டிவி முறையான 'பால்' (PAL) முறை டிவிடியில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள்தான். ஃபுல் எச்டி டிவியில் 1920 × 1080. வகுத்துப் பார்த்தால் சரியாக 5 மடங்கு. 4கே டிவி என்றால் 20 மடங்கு. இல்லாத புள்ளிகளை யாரோ ஒருவர் ஊகித்து நிரப்பியாக வேண்டும். அதுதான் அப்ஸ்கேலிங். அதைப் பிளேயரும் செய்யலாம், டிவியும் செய்யலாம். யார் செய்தாலும் டிஸ்க்கில் பதிவாகாத விவரம் புதிதாக முளைக்காது. நன்றாக ஊகிப்பவரிடம் வேலையைக் கொடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

உறவினர், நண்பர் வீடுகளில் இதைச் செய்து கொடுத்தபோது நான் பார்த்தது, எல்லாரும் பிளேயரிலிருந்து தொடங்குகிறார்கள். டிஸ்க்கைப் பார்த்து, டிவியைப் பார்த்து, கடைசியாகத்தான் பிளேயருக்கு வர வேண்டும். வரிசை மாறினால் காசு போகும்.

1. டிஸ்க்குகளைப் பிரித்து வையுங்கள்

எல்லாவற்றையும் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கடையில் வாங்கிய படங்கள், கல்யாணம், காதுகுத்து போன்ற வீட்டு நிகழ்ச்சிகள், விசிடிகள்.

இந்தப் பிரிவு எதற்கு என்றால், மூன்றுக்கும் தேவை வேறு. படங்கள் ஃபிலிமிலிருந்து வந்தவை, அவற்றைச் சரியாகக் காட்டுவது ஓரளவு எளிது. கல்யாண டிவிடிகளில் பெரும்பாலானவை பழைய வீடியோ கேமராவில் இன்டர்லேஸ் முறையில், அதாவது படத்தைப் பாதிப் பாதி வரிகளாகப் பதியும் முறையில் எடுத்தவை. பிளேயரின் தரம் அங்கேதான் வெளுக்கும். விசிடியில் படமே 352 × 288 புள்ளிதான். எதில் போட்டாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் சில ப்ளூரே பிளேயர்களில் விசிடி ஓடவே ஓடாது. உங்களிடம் விசிடி நிறைய இருந்தால் அதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய டிஸ்க்கின் உறையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பால் அல்லது என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க முறை). தமிழ்ப் படம்தானே, பாலாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் சந்தையையும் மனதில் வைத்து வெளியிட்ட டிஸ்க்குகளில் என்டிஎஸ்சி நிறைய. அதில் 720 × 480 புள்ளிதான். இரண்டாவது, மண்டல எண், அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைக் குறிக்கும் எண். இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அமெரிக்காவும் கனடாவும் 1. எண் 0 அல்லது 'ஆல் ரீஜன்' என்று இருந்தால் கவலை இல்லை. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆங்கிலப் படத்தில் 3 என்று இருந்தால், பிளேயர் வாங்கும்போது அதைக் கேட்டாக வேண்டும்.

2. டிவியின் பின்பக்கம் பாருங்கள்

டிவி மாடல் எண்ணை வைத்து அதன் உண்மையான புள்ளிக் கணக்கைக் கண்டுபிடியுங்கள். '32 அங்குல எச்டி ரெடி' என்று விற்கும் டிவிகளில் பெரும்பாலானவை 1366 × 768. இது 720பியும் (1280 × 720) இல்லை, 1080பியும் (1920 × 1080) இல்லை. இந்த டிவிக்கு 1080பி அனுப்பினால், பிளேயர் 576 வரியை 1080 ஆக இழுக்கும், டிவி அதையே 768 ஆகச் சுருக்கும். இரண்டு கை மாறி வருகிற படம் ஒரு கை மாறியதைவிடக் கூர்மையாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த அளவு டிவி வைத்திருப்பவர்கள் விலை உயர்ந்த பிளேயருக்குப் போகத் தேவையில்லை.

அப்புறம், எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை, அதில் காலியாக எத்தனை என்று எண்ணுங்கள். செட் டாப் பாக்ஸ் ஒன்று, சவுண்ட்பார் ஒன்று என்று போய்விட்டால் பிளேயருக்கு இடம் இருக்காது. புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளே கிடையாது. இருந்தாலும் ஹெட்போன் துளை மாதிரி ஒன்று வைத்து அதற்குத் தனி இணைப்பு வயர் தருவார்கள்.

3. இருக்கிற பிளேயரை முதலில் சோதியுங்கள்

பாதி வீடுகளில் பிளேயர் வாங்கவே தேவையில்லை. பழைய பிளேயரின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் மஞ்சள் வயரில் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது சிவப்பு கசியும், நெருக்கமான கோடுகளில் வானவில் நிறம் ஓடும். எச்டிஎம்ஐயில் அந்தக் கலப்பே கிடையாது. என் சித்தி வீட்டில் ஒரே ஒரு கேபிளில் பிரச்சினை தீர்ந்தது.

கேபிளுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். 1080பிக்கு, இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு, ஒழுங்காகப் பொருந்துகிற சாதாரண கேபிள் போதும். தங்க முலாம் பூசிய கேபிளால் படம் மாறாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிற பொருள் ஒன்று இருக்கிறது. 'ஏவி டூ எச்டிஎம்ஐ' என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. பக்கவாட்டில் 720பி, 1080பி என்று ஒரு சுவிட்ச் வேறு இருக்கும். பார்த்ததும் அப்ஸ்கேலிங் கருவி என்றே தோன்றும். அது எடுப்பது மஞ்சள் வயரிலிருந்து, அதாவது ஏற்கெனவே கலங்கிப்போன படத்தை. குழம்பில் உப்பு கரைந்த பிறகு பாத்திரத்தை மாற்றுவது மாதிரிதான். டிவியில் மஞ்சள் துளை இல்லாதவர்களுக்குப் படம் வர வைக்க அது உதவும், அவ்வளவே.

4. எந்த வகை உங்களுக்கு?

எச்டிஎம்ஐ உள்ள டிவிடி பிளேயர் மலிவானது, எளிது. சோனி டிவிபி-எஸ்ஆர்760எச் போன்றவை இந்த வகை. விசிடி, எம்பி3 டிஸ்க் எல்லாவற்றையும் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதுதான் வசதி. ரிமோட் எளிது, போட்டதும் ஓடும்.

ப்ளூரே பிளேயர் எல்லாமே டிவிடியையும் ஓட்டி 1080பியாக அனுப்பும். நான் பார்த்த வரையில் கல்யாண டிவிடிகளை மலிவு டிவிடி பிளேயர்களைவிட இவை நிதானமாகக் கையாளுகின்றன. ஆனால் புதிதாகக் கிடைப்பது குறைந்துவருகிறது. சாம்சங் 2019இலேயே புது மாடல்கள் கொண்டுவருவதை அமெரிக்காவில் நிறுத்தியது. ஆகவே பலருக்குப் பழையது வாங்குவதே வழி. அப்படி வாங்கும்போது டிஸ்க் தட்டு சத்தமில்லாமல் வந்து போகிறதா, வீட்டில் எரித்த (கணினியில் பதிவு செய்த) டிவிடி-ஆர் படிக்கிறதா என்று கையோடு பாருங்கள். லென்ஸ் தேய்ந்த பிளேயர் கம்பெனி டிஸ்க்கைப் படித்துவிடும், டிவிடி-ஆரில் திணறும்.

வீட்டில் டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் இருக்கிறதா? பிஎஸ்3க்கு 2007 மே மாத மென்பொருளிலேயே டிவிடி அப்ஸ்கேலிங் வந்துவிட்டது. பிஎஸ்4, டிஸ்க் துளை உள்ள பிஎஸ்5 இரண்டும் டிவிடி ஓட்டும். எதையும் வாங்குவதற்கு முன் பையனிடம் ஒரு மணி நேரம் கடன் கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிற மாமாவிடம் பிளேயர் கொண்டுவரச் சொல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே விற்கும் பல பிளேயர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. பின்பக்கம் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பிழைக்கும். அப்படியும் மண்டலம் 1க்குப் பூட்டியிருக்கும், பால் டிஸ்க்கை மறுக்கவும் கூடும். நம் கல்யாண டிவிடி எல்லாமே பால்.

5. அட்டைப்பெட்டியில் எதை நம்புவது?

'1080பி அப்ஸ்கேலிங்' என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். எச்டிஎம்ஐ உள்ள பிளேயர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது அச்சிட்டிருக்கும். எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது.

தேட வேண்டியவை வேறு: எச்டிஎம்ஐ துளை, பால்-என்டிஎஸ்சி இரண்டும், டிவிடி-ஆர் மற்றும் டிவிடி+ஆர், தேவைப்பட்டால் விசிடி, உங்கள் டிஸ்க்குகளுக்குத் தேவையான மண்டலம். பெட்டியில் 'புரோக்ரெசிவ் ஸ்கேன்' என்று மட்டும் போட்டு எச்டிஎம்ஐ பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதில் அந்தத் துளை இருக்காது. படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

எச்டிஎம்ஐயில் நகல் தடுப்புப் பூட்டு ஒன்று உண்டு, எச்டிசிபி என்பார்கள். டிவிகளில் அது இருக்கும். பழைய கணினி மானிட்டரில் டிவிஐ வழியாக இணைப்பவர்களுக்குத்தான் கறுப்புத் திரை வரும். பிளேயர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

6. உங்கள் டிஸ்க்கைப் போட்டுச் சோதியுங்கள்

கடைக்குப் போனால் கையில் இரண்டு டிஸ்க் இருக்கட்டும்: ஒரு கல்யாண டிவிடி, ஒரு படம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்யுங்கள். கடைக்காரர் பென்டிரைவில் போட்டுக் காட்டுவது எச்டி படம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என்ன பார்க்கிறோம் என்பது புரிய ஒரு விளக்கம். இன்டர்லேஸ் கேமரா முழுப் படத்தை ஒரே தடவையில் பதிவு செய்யாது. வினாடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் பாதி வரிகளை, அதாவது 288 வரிகளை மட்டும் பதிவு செய்யும். ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் இடையே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கடந்திருக்கும். அதற்குள் மாப்பிள்ளை கையை அசைத்துவிட்டால் இரண்டு பாதியும் பொருந்தாது. நல்ல பிளேயர் அசையாத இடத்தில் இரண்டையும் சேர்க்கும், அசையும் இடத்தில் மட்டும் ஊகிக்கும். மட்டமான பிளேயர் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்ச 288 வரியை இழுத்துப் பெரிதாக்கும். 1080பி என்று பெருமையாகத் திரையில் எழுதிக்காட்டும், உள்ளே இருப்பது விசிடி உயரம்.

இதைப் பிடிக்கக் கல்யாண டிவிடியைவிட நல்ல சோதனைப் படம் இல்லை. மாலை மாற்றும் காட்சிக்குப் போங்கள். அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகின்றனவா? அடுத்து வேட்டிக் கரை. உட்கார்ந்தவர் மடியில் சாய்வாகப் போகும் அந்தக் கரை, கேமரா மெதுவாக நகரும்போது படிக்கட்டாக உடைகிறதா? பட்டுச்சேலையில் சின்னக் கட்டம் போட்டிருந்தால் அது கொதிக்கிற மாதிரி மினுக்கும். பந்தி பரிமாறும் வரிசையைக் கேமரா நீளமாகக் காட்டும் இடமும் நல்ல சோதனை. வாழை இலையின் விளிம்புகள் ஒழுங்காக இருந்தால் அந்தப் பிளேயரை வாங்கலாம்.

படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்காதீர்கள். பல பிளேயர்கள் நிறுத்தியதும் பாதி வரியை மட்டும் காட்டும், அது ஓடும்போது இருக்கும் தரம் இல்லை. ஓடவிட்டே பாருங்கள்.

அடுத்து படத்தின் டிஸ்க். கேமரா மெதுவாக நகரும் ஒரு காட்சி, கோபுரமோ மாடிப்படியோ வந்தால் நல்லது. சப்டைட்டில் எழுத்தின் ஓரம் ரம்பமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியில் மேலேறும் பெயர்கள் விட்டு விட்டு நகர்கின்றனவா?

இதில் ஒன்று. எந்தப் பிளேயராலும் திருத்த முடியாத டிஸ்க்குகள் உண்டு. பாலிலிருந்து என்டிஎஸ்சிக்கு அவசரமாக மாற்றிய படங்களில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாண டிவிடியில் எடிட் செய்தவர் ஒற்றை, இரட்டை வரிசையை மாற்றிப் பதிந்திருந்தால் அசைவெல்லாம் முன்னும் பின்னும் துடிக்கும். ஆட்கள் நடப்பதே நடுங்குகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை வைத்து மூன்று பிளேயரைத் திருப்பிக் கொடுத்த நண்பர் ஒருவர் உண்டு. அதற்குக் கணினியில் வரிசையை மாற்றித் திரும்பப் பதிவதே வழி. ஆகவே இரண்டு நிகழ்ச்சிகளின் டிஸ்க்கை எடுத்துப் போங்கள். இரண்டிலும் வரும் குறைதான் பிளேயரின் குறை.

7. இணைத்த பிறகு, இந்த வரிசையில்

வரிசையை மாற்றாதீர்கள். முன்னது சரியாகாமல் பின்னதைத் திருத்தினால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

முதலில் பிளேயரில் டிவி வடிவம் 16:9. பழைய பிளேயர்கள் 4:3இல் இருக்கும். அப்படியே விட்டால் அகலப் படத்தையும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுச் சுருக்கி அனுப்பும், டிவி அதைப் பக்கவாட்டில் இழுக்கும். எல்லாரும் குண்டாகத் தெரிவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். பழைய கல்யாண டிவிடி 4:3 என்றால் இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் வர வேண்டும். 1080பி வரும்போது பல டிவிகள் 4:3 பொத்தானையே ஏற்காது. அதனால் அந்தக் கறுப்பைப் பிளேயரே போட வேண்டும். மெனுவில் '16:9 நார்மல்', '16:9 வைட்' என்று இரண்டு இருக்கும், மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, பால்-என்டிஎஸ்சி. 'ஆட்டோ' அல்லது 'மல்டி'. என்டிஎஸ்சியில் நிறுத்தி வைத்தால் பால் டிஸ்க்கின் 576 வரியை 480 ஆகக் குறைத்து, வினாடிக்கு 25 படத்தை 30 ஆக மாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் பெரிதாக்கும். 96 வரி வழியிலேயே போய்விடும். கேமரா நகரும்போது உதறலும் சேரும். யாரும் எட்டிப் பார்க்காத அமைப்பு இது.

மூன்றாவது, டிவியில் ஓரம் வெட்டுவதை நிறுத்துங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று பெயர். இல்லாவிட்டால் பிளேயர் பெரிதாக்கிய படத்தை டிவி இன்னொரு முறை கொஞ்சம் இழுக்கும், கூர்மை போகும்.

நான்காவது, நிறம். எச்டிஎம்ஐ கலர் என்ற இடத்தில் ஆர்ஜிபி, ஒய்சிபிசிஆர் என்று கேட்டால் பின்னதை எடுங்கள். ஆர்ஜிபியில் பிளேயர் நினைக்கும் கறுப்பும் டிவி நினைக்கும் கறுப்பும் ஒத்துப்போகாமல், கூந்தல் சாம்பல் நிறமாக வெளுக்கும். இல்லை, அதில் சூடிய பூவின் நிழல் முதற்கொண்டு எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துவிடும்.

கடைசியாக டிவியின் பட அமைப்பு. 'விவிட்' வேண்டாம், 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள். ஷார்ப்னெஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், எழுத்துகளைச் சுற்றி வெள்ளை வளையம் மறையும் வரை. டிவிடியில் ஷார்ப்னெஸ் ஏற்றினால் கூர்மையாவது முகம் இல்லை, அழுக்குதான்.

படம் வருகிறது, சத்தம் இல்லையா? பிளேயரின் ஆடியோவை 'பிட்ஸ்ட்ரீம்' என்பதிலிருந்து 'பிசிஎம்' ஆக்குங்கள். டிடிஎஸ் ஒலித் தடத்தை விரிக்கத் தெரியாத டிவிகள் நிறைய.

8. பெரிதாக்குவது யார்?

எல்லாம் சரியான பிறகு ஒரே கல்யாணக் காட்சியை இரண்டு விதமாகப் பாருங்கள். முதலில் பிளேயரை 1080பியில் வைத்து, பிறகு 576பியில் வைத்து. பல பிளேயர்களின் ரிமோட்டிலேயே 'எச்டிஎம்ஐ' அல்லது 'ரெசல்யூஷன்' பொத்தான் உண்டு. சிலவற்றில் டிஸ்க்கை நிறுத்திய பிறகுதான் அது வேலை செய்யும்.

576பியில் இன்டர்லேஸ் பிரிப்பதைப் பிளேயர் செய்கிறது, பெரிதாக்குவதை டிவி செய்கிறது. மெனுவில் '576i' (இன்டர்லேஸைப் பிரிக்காமல் அனுப்புவது) இருந்தால் அதையும் முயலுங்கள், அப்போது இரண்டுமே டிவியின் வேலை. சமீபத்திய 4கே டிவிகளின் சிப் மலிவு பிளேயரின் சிப்பைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருப்பது சகஜம். அப்ஸ்கேலிங்குக்காகவே வாங்கிய பிளேயரில் அப்ஸ்கேலிங்கை அணைத்து வைக்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வேட்டிக் கரை எதில் நேராக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள், திரையில் மூக்கு வைத்துப் பார்க்க வேண்டாம். வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள், எது எந்த அமைப்பு என்று சொல்லாமல்.

9. இருக்கிற டிஸ்க்கைப் பிரதி எடுங்கள்

இது கடைசியில் இருந்தாலும், கல்யாண டிவிடி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதல் வேலையாகச் செய்யுங்கள். வீட்டில் எரித்த டிவிடி-ஆரில் படம் பதிந்திருப்பது ஒரு சாயத்தில். சூடும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது மங்கும். விளிம்பிலிருந்து பிளேயர் திக்கத் தொடங்கும், அப்புறம் 'நோ டிஸ்க்'.

டிவிடி டிரைவ் உள்ள கணினியில் டிஸ்க்கில் இருக்கும் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், தரம் ஒரு துளியும் குறையாது. ஒரு அடுக்கு டிஸ்க் அதிகபட்சம் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5. எம்பி4 ஆக மாற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னால், மூலப் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்றும்போது இன்டர்லேஸை மோசமாகப் பிரித்துவிட்டால் அந்தச் சீப்புப் பற்கள் கோப்பிலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

பிரதி எடுத்த ஃபோல்டரைக் கணினியில் விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் திறந்து, 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கி, முறையில் 'யாடிஃப்' தேர்ந்தெடுத்து, எச்டிஎம்ஐ வழியாக டிவியில் பாருங்கள். வேட்டிக் கரை இதில் நேராக வந்துவிட்டால், பிளேயருக்கு எடுத்து வைத்த காசில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.